அப்பப்பா லண்டன், அம்மா தோட்டம், பிறந்தது முகாமில்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட் எனக்கு?

கேள்வி கேட்ட பிள்ளையின் விபரத்தை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

2004 ஒக்டோபரில் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர். 2011இல் பெற்றோரோடு திருகோணமலைக்குத் திரும்பி இங்கேயே படித்தவர். கையில் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும். அப்பா 1961இல் திருகோணமலையில் பிறந்தவர். அப்பப்பா 1932இல் மூதூரில் பிறந்து, திருகோணமலை டொக்யார்ட்டில் (பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில்) வேலை செய்து, 1963இல் லண்டன் போய், 1969இல் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிந்துகொண்டவர். அம்மா 1970இல் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அம்மப்பா, நாடற்ற மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார், ஆனால் கப்பல் ஏறவில்லை. அம்மாவுக்கு 2013இல் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. "அப்பப்பா பிரிட்டிஷ் என்றபடியால் எனக்கு லண்டன் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? எனக்கு எந்த நாட்டில் உரிமை இருக்கிறது?" என்று கேட்கிறார்.

பிள்ளை, நான் பிறப்பு இறப்புப் பதிவு வேலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போல எத்தனையோ பேருடைய குடும்பக் கடதாசிகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் "எங்கள் பரம்பரை எது" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். சட்டம் கேட்பது வேறு. நீங்கள் பிறந்த அன்று உங்கள் அப்பா எந்த நாட்டுப் பிரஜை, அம்மா எந்த நாட்டுப் பிரஜை, அன்று எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதற்கு முன்னால் நடந்தது அப்பா அம்மாவின் நிலையைத் தீர்மானிக்கும். அதற்குப் பின்னால் நடந்தது பெரும்பாலும் உங்கள் பிறப்புரிமையைத் தொடாது.

ஒரு பழைய கொப்பியை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பிறந்த திகதி, பிறந்த ஊர், கலியாணம் பதிந்த திகதி, வேறு நாட்டுப் பிரஜையான திகதி. இந்த நான்கையும் எழுதினால் உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பக்கத்திலேயே தெரியத் தொடங்கும்.

சரி, லண்டனை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் உங்களிடம் காசு கேட்கிறார்கள். அப்பப்பா டொக்யார்ட்டில் வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தார் என்பதால் ஒரு உரிமையும் வராது. 1948க்கு முன்னால் இலங்கையில் பிறந்த எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள்தானே என்றும் சிலர் சொல்வார்கள். அது அன்றைய சாம்ராஜ்யத்தில் எல்லாருக்கும் இருந்த பொதுப் பெயர். இன்றைய பிரித்தானியப் பிரஜாவுரிமை அதிலிருந்து தானாக வருவதில்லை. கடற்படைத் தளத்தை 1957இல் இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனபோது வேலை இழந்த எத்தனையோ குடும்பங்களில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. பழைய சம்பளப் புத்தகத்தையும் சேவைச் சான்றிதழையும் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். பார்க்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டுக்கு அவை உதவாது.

உண்மையில் பார்க்க வேண்டியது 1969இல் அப்பப்பா செய்த பதிவை. உங்கள் அப்பா பிறந்தது 1961. அன்று அப்பப்பா இலங்கைப் பிரஜை. எட்டு வருடம் கழித்து அவர் பிரிட்டிஷ் பிரஜையானது ஏற்கெனவே பிறந்துவிட்ட மகனுக்குத் தானாகப் போய்ச் சேராது. அந்தக் காலத்தில் சிறுபிள்ளைகளைத் தனியாக விண்ணப்பித்துப் பதியலாம். அப்பாவின் பெயரில் அப்படி ஒரு பதிவுச் சான்றிதழ் இருந்தால் மட்டும் கதை மாறும். அப்பாவைக் கேளுங்கள், லண்டனில் இருக்கும் சொந்தக்காரரையும் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது.

உங்கள் அத்தை 1965இல் லண்டனில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பூட்டியிடம் விட்டுவிட்டு அப்பம்மா பின்னால் போன பிறகு பிறந்தவர். 1983 ஜனவரி 1க்கு முன்னால் பிரித்தானியாவில் பிறந்த பிள்ளை, ராஜதந்திரிகளின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்கு தவிர, அந்த மண்ணில் பிறந்ததாலேயே பிரஜை. அத்தை தன் பிள்ளையை ரொறன்ரோவில் பெற்றாலும் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பெற்றாலும் அந்தப் பிள்ளைக்குப் பிரிட்டிஷ் பிரஜாவுரிமை போகும். ஆனால் அந்தப் பிள்ளை வம்சாவழிப் பிரஜை, அதாவது பெற்றோர் வழியாகப் பிரஜையானவர். அது வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்குப் பொதுவாகத் தானாகப் போகாது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் பிறந்த ஒரு தலைமுறையோடு கோட்டைக் கிழித்துவிடுகிறது. ஒரே அப்பப்பா, ஒரே வீடு. அத்தையின் பிள்ளைக்கு உண்டு, அண்ணனின் பிள்ளைக்கு இல்லை. இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஏஜென்ட் ஒருவேளை பிரித்தானிய வம்சாவளி விசாவை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அது பொதுநலவாய நாட்டுக்காரருக்கு உள்ள விசா, இலங்கையரும் கேட்கலாம். ஆனால் உங்கள் பேரனோ பேத்தியோ, அதாவது தாத்தாவோ பாட்டியோ, பிரித்தானியாவில் *பிறந்திருக்க* வேண்டும். அங்கே போய்ப் பிரஜையானது போதாது. மூதூரில் பிறந்த அப்பப்பாவை வைத்து அதைக் கேட்க முடியாது. ஆகவே லண்டனுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

பாலையூற்றில் இருக்கும் பறங்கிச் சமூகத்துப் பிள்ளைகளும் இதே மாதிரி ஒரு கேள்வியோடு வருவார்கள். "எங்கள் வீட்டில் இன்றும் போர்த்துக்கேயம் பேசுகிறோம், போர்த்துக்கல் பாஸ்போர்ட் கிடைக்குமா?" அந்த மொழியை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றி வைத்திருப்பது பெரிய விஷயம். ஆனால் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தது 1639இல். போர்த்துக்கல் சட்டம் பொதுவாகப் பார்ப்பது பெற்றோரை, மிஞ்சிப் போனால் பேரன் பேத்தியை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுப் பாட்டனுக்கு அங்கே இடமில்லை.

இனி இலங்கை. இங்கே உங்கள் நிலை பலமானது.

1948 நவம்பர் 15 அன்று பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இலங்கையில் பிறந்தவருக்கு, தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் போதும், அல்லது தகப்பன் வழிப் பேரனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். உங்கள் அப்பப்பா மூதூரில், அவருடைய தகப்பனும் மூதூர் இருக்கும் அதே கொட்டியாரத்தில். ஆகவே அப்பப்பா வம்சாவழிப் பிரஜை. அவர் பிரஜையாக இருந்த 1961இல் இங்கே பிறந்த அப்பாவும் பிரஜை. 1969இல் அப்பப்பா இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தது அப்பாவின் பிறப்புரிமையைப் பாதிக்காது. அப்பா 1990இல் படகேறி அகதியாகப் போனதும் பாதிக்காது. அகதி என்றால் நாட்டை விட்டு ஓடியவர் என்று அர்த்தம், பிரஜாவுரிமையை விட்டவர் என்று அர்த்தமில்லை. இதை எத்தனை பேர் பிழையாக நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்!

உங்கள் வீட்டில் அப்பாவின் பழைய பிறப்புப் பதிவுப் பிரதி இருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி. அதற்குக் கீழே பேரனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம். இன்னும் கீழே பூட்டனாருக்கும் ஒரு கட்டம். பிள்ளை பிறந்ததைப் பதியும் படிவத்தில் பூட்டனை ஏன் கேட்கிறார்கள் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யோசித்திருக்கிறேன். 1948 சட்டத்தின் நிழல் அது. அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் போனதால்தான் மலையகத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவரானார்கள். உங்கள் அம்மாவின் குடும்பமும் அவர்களில் ஒன்று.

சுனாமிக்குப் பிறகு ஓர் அம்மா உப்புத் தண்ணீரில் ஊறிய ஒரு பிரதியைக் கொண்டுவந்தார். இரண்டு நியூஸ் பேப்பருக்கு நடுவில் வைத்து, வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியால் மெதுவாக அழுத்திக் காயவைத்திருந்தார். முத்திரை கரைந்து ஊதாத் திட்டாகப் போயிருந்தது. பேரனாரின் வரி மட்டும் கறுப்பு மையில் அப்படியே நின்றது. அந்த ஒரு வரியில் இருந்த பெயரையும் வருடத்தையும் வைத்துப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் புதுப் பிரதி கொடுக்க முடிந்தது. ஆகவே கிழிந்த கடதாசியை எறிந்துவிடாதீர்கள்.

நீங்கள் பிறந்தது 2004 ஒக்டோபர். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். அதற்கு முன்னால் தகப்பன் வழி மட்டும்தான், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாய் வழி. உங்களுக்கு அப்பா வழி போதும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். உங்களுக்கு அது சென்னையில் உள்ள துணை உயர் ஸ்தானிகராலயம். முகாமில் இருந்த யாருக்கு அப்போது அது தெரியும்? தெரிந்தாலும் சென்னைக்குப் போய்வரப் பணம் ஏது? சட்டத்திலேயே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள். காரணம் காட்டினால் அமைச்சர் கால நீடிப்புக் கொடுக்கலாம். தாமதப் பதிவுக்குத் தண்டப்பணம் இருக்கலாம். பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் இது நடக்கும். அங்கே பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் அடையாள அட்டை, அதற்குப் பிறகு பாஸ்போர்ட். இந்த வரிசையை மாற்ற முயலாதீர்கள்.

இதுவரை நேரான பாதை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எடுக்காத ஒரு வரி இருக்கிறது. அம்மப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட். உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

1964 ஒக்டோபர் 30 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்த குடும்பங்களில் மனைவி பிள்ளைகளையும் சேர்த்துப் பதிந்தார்கள். உங்கள் அம்மப்பாவுக்கு 1972இல் கிடைத்தது என்கிறீர்கள், அம்மா அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பிறகு போக மனமில்லை, சண்டை வந்தது, 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுத் திருகோணமலைக்கு வந்த குடும்பம் இங்கேயே இருந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவில் அம்மாவின் பெயரும் இருந்தால், 1990இல் அப்பாவோடு அகதிப் படகில் போன அம்மா கடதாசிப்படி ஓர் இந்தியப் பிரஜை.

இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், மிகச் சில விதிவிலக்கு தவிர, பிறப்பாலேயே பிரஜை. 1986இல் மண்டபம் முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவருக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள்: இருவரும் பிரஜையாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் பிரஜை, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்த அப்பாவை அந்தச் சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

நீங்கள் பிறந்தது அந்தத் திகதிக்குச் சில வாரங்கள் முன்னால். ஆகவே அன்று அம்மா இந்தியப் பிரஜை என்று நிரூபிக்க முடிந்தால் நீங்கள் பிறப்பால் இந்தியப் பிரஜை. 2007இல் அதே முகாமில் பிறந்த உங்கள் தம்பிக்கு அது இல்லை. அம்மா 2013இல் இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்ததும் 2004இல் உங்களுக்கு வந்ததை அழிக்காது. முதலில் சொன்னேனே, பிறந்த அன்று யார் என்ன என்பதுதான் கேள்வி.

இது சந்தோஷமான செய்தி மட்டும் இல்லை, சிக்கலும் கூட. இந்தியா இரண்டு பிரஜாவுரிமையை ஏற்காது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தால், நீங்கள் விரும்பி அந்த நாட்டுப் பிரஜையானதற்கு அதையே சான்றாக எடுப்பார்கள். இலங்கைச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, பிறப்பால் இன்னொரு நாட்டுக்கும் பிரஜையாக இருப்பவர் 22 வயது நிறைவதற்குள் அந்த நாட்டைத் துறக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும் என்கிறது. உங்களுக்கு இப்போது 21. ஆகவே எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்க முன்னால் எந்த நாடு வேண்டும் என்று குடும்பமாக இருந்து முடிவெடுங்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீடு, காணி, சொந்தம் எல்லாம் இங்கே இருக்கிறபடியால் இலங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் வாழப் போவது நீங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் பிரஜாவுரிமை வழக்குப் பார்த்த ஒரு சட்டத்தரணியிடம் காசு கொடுத்து ஆலோசனை கேட்பது வீண் செலவில்லை.

இலங்கையைத் தெரிவு செய்தாலும் அம்மா வழி முற்றாக வீணாகாது. இந்தியப் பிரஜையாக இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை ஆகியோர் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுப் பிரஜையான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) விண்ணப்பிக்கலாம். தம்பிக்கும் இந்த வழி இருக்கிறது. அது பாஸ்போர்ட் இல்லை, வாக்குரிமை இல்லை, விவசாயக் காணி வாங்க முடியாது. ஆனால் விசா இல்லாமல் போய்வரலாம், இருக்கலாம், படிக்கலாம். அதற்கு முதலில் கையில் இலங்கைப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும்.

கனடா, ஜெர்மனி, சுவிஸ் என்று கேட்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மாமாவோ சித்தியோ பிரஜையாக இருப்பது உங்களுக்கு உரிமை தராது. அப்பா அல்லது அம்மா நீங்கள் பிறக்க முன்னால் அந்த நாட்டுப் பிரஜையாகியிருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

கடைசியாகக் கடதாசிகள். ஒருவருக்கே மூன்று பெயர் இருப்பதுதான் எங்கள் ஊர்க் கோப்புகளில் பெரிய தலையிடி. பிறப்புப் பதிவில் கணபதிப்பிள்ளை, டொக்யார்ட் சான்றிதழில் கணபதி, முகாம் அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் வந்து எல்லாம் தலைகீழ். பிறந்த இடமும் ஒன்றில் மூதூர், இன்னொன்றில் கொட்டியாரப்பற்று. என் அண்ணன் மகளின் விண்ணப்பம் ஒன்று இந்த மாதிரி ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக ஓர் அலுவலகத்தில் பதினொரு மாதம் கிடந்தது. ஆகவே விண்ணப்பிக்க முன்னாலேயே, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பெற்றோரின் கலியாணம் முகாமில் கோயிலோடு முடிந்திருந்தால் அதற்கும் சான்று தேடுங்கள். பதிவு தொலைந்திருந்தால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள பதிவகத்தில் வருடத்தைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு வருடம் சேர்த்துக் கேளுங்கள். தோட்டத்துப் பிறப்புகளுக்கு நுவரெலியாவில் கேட்க வேண்டும். பொய்ப் பத்திரம் செய்து தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு பொய்க் கடதாசி மற்ற உண்மைக் கடதாசி எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிள்ளைகளின் பெயர் எழுதிய பக்கத்தைத் திறந்து, அம்மாவின் பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் கொடுத்த திகதி, பதிவு இலக்கம் நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். அம்மாவின் பெயர் அங்கே இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள், எந்தப் படிவத்தை முதலில் தொடுவது என்று அப்புறம் பார்ப்போம்.